லேபிள் ஒட்டாத பாட்டில்

இன்று காலை நம் ஷெட்டில், எலுமிச்சைச் சாறு கெடாமலிருக்கப் போடும் மருந்துப் பாக்கெட்டின் வாயைக் கத்தரித்தேன். உள்ளேயிருந்து அந்த நெடி கிளம்பி நேராக மூக்கில் ஏறியது. தீக்குச்சியை மூக்குக்குக் கீழே வைத்துக் கிழித்தது மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல நிக்க மாதிரி இருக்குவே" என்று நீர் சொல்வீரே, அது ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டு உடனே துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வீர். நீர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம்தான் திதி கழிந்தது.

ஆனால் என்னை உலுக்கியது அந்த நெடி இல்லை. இந்தப் பாக்கெட்டை இப்போது பிரிக்க வேண்டிய நேரமே இல்லை. பழையது இன்னும் ஒரு பெரிய டிரம்முக்கு வந்திருக்க வேண்டும். டப்பாவைத் திறந்து பார்த்தேன், அடியில் தூசி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பயந்தாங்கொள்ளி என்று நீர் என்னைக் கேலி செய்வது வழக்கம். பயந்தாங்கொள்ளியால் ஒரு லாபம் உண்டு. டப்பா காலியாக இருந்தால் ஏன் காலி என்று கேட்பான்.

சண்முகத்தாயைக் கூப்பிட்டுக் கேட்டேன். நாம் ஷெட்டு போட்ட நாளிலிருந்து இருக்கிறவள், எலுமிச்சைச் சாறு வடிகட்டுவதும் டிரம் கழுவுவதும் இன்றைக்கும் அவள் பொறுப்புதான். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"முந்தாநேத்து பெரிய டிரம்முக்கு நான்தான் போட்டேன் அண்ணாச்சி. நீங்க சந்தையில இருந்து வர நேரமாச்சுல்லா."

முந்தாநாள் புளியங்குடி சந்தையிலிருந்து பழ மூட்டைகளோடு திரும்பி வந்தவுடன், கை காலைக் கழுவிவிட்டு, அதே டிரம்முக்கு மருந்தை நிறுத்துக் கரைத்து ஊற்றியவன் நான். அவள் பத்தடி தள்ளி நின்று துணி பிழிந்துகொண்டிருந்தாள். நான் ஊற்றுவதைப் பார்த்தாளா, இல்லையா, அவளுக்கே நினைவில்லை. பார்த்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

ஏன் என்று உமக்குத் தெரியும். நம் பக்கத்தில் ஊறுகாய்க்கு உப்பு அள்ளும்போது யாரும் பேச மாட்டார்கள். பேசினால் எச்சில் தெறிக்கும், ஊறுகாய் பூசணம் பூத்துப்போகும் என்று ஒரு நம்பிக்கை. போட்டாச்சா என்று கேட்பதும் கிடையாது. அந்த வெள்ளைத் தூள் உப்பு மாதிரியே இருந்ததால், ஷெட்டுப் பெண்கள் அதற்கு மருந்துப்பு என்று பேர் வைத்தார்கள். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற பேரை அவர்களில் ஒருத்தியும் சொன்னதில்லை. உப்புக்கு உள்ள மரியாதையை மருந்துப்புக்கும் கொடுத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் நீர். மருந்து போடும்போது நீர் ஒரு வார்த்தை பேச மாட்டீர். துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, சாமிக்குப் படைப்பது போல மெதுவாகப் போடுவீர். முதலாளியே இவ்வளவு பயபக்தியாகச் செய்கிறார் என்று அவர்களும் அப்படியே பழகினார்கள்.

அது பயபக்தி இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். நீர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்.

அந்த டிரம்மிலிருந்து கடைக்கு ஒரு பாட்டிலும் போகவில்லை. அந்த மட்டில் நல்லது என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. கடைக்குப் போகவில்லை, கோமதிக்குப் போயிருக்கிறது. உம்ம மகளுக்கு. நேற்று சாயங்காலம் சென்னை ரயில் ஏறுவதற்கு முன்னால் ஷெட்டுக்கு வந்தாள், நானே குழாயைத் திறந்து அவளுக்கு ஒரு பாட்டில் பிடித்துக் கொடுத்தேன்.

காலையில் விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் போனுக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். மாப்பிள்ளை நம்பர் என்னிடம் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்ததும் அவர் வேறு சிம் போட்டார், அதைக் கேட்டு வாங்கத் தோன்றவில்லை. ரயில் காலையிலேயே எழும்பூர் போய்ச் சேர்ந்திருக்கும். இன்று ராத்திரி அவர்களுக்கு ஜெர்மனிக்கு விமானம். நடுவே ஒரு பகல் இருக்கிறது. அந்தப் பகலில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆளில்லை. கை சும்மா இருந்தால் மனசு கண்டபடி ஓடுகிறது. அதனால்தான் உமக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மேஜையில் ஒரு பக்கம் தாள், இன்னொரு பக்கம் போன்.

நாம் இந்தத் தொழிலில் இறங்கிய புதிதில் மருந்தே வேண்டாம் என்றுதான் இருந்தோம். இயற்கைச் சாறு என்று நாலு ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கடைக்காரர் பாட்டிலைத் திறந்ததும் மூடி தெறித்து விட்டத்தில் பட்டதே, ஞாபகம் இருக்கிறதா? சாறு புளித்துப் பொங்கியிருந்தது. பொங்காதவை பழுப்பாகிக் கஷாயம் மாதிரி நின்றன. அப்புறம்தான் மருந்து வந்தது. அது இருந்தால் சாறு நிறம் மாறாது, நொதிக்காது. உம்மைத் தவிர எல்லாருக்கும் அது வரப்பிரசாதமாக இருந்தது.

ஷெட்டில் உமக்கு முதன்முதலாக மூச்சு அடைத்த அன்று நம் இருவரைத் தவிர யாரும் இல்லை. பாக்கெட்டைப் பிரித்தீர், ஒரு தடவை இருமினீர், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர். நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வந்தது. பைக்கில் பின்னால் உட்காரவைத்து, என் இடுப்போடு உம்மைத் துண்டால் கட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் நீராவி வைத்துவிட்டு, சிறுவயதிலிருந்தே இழுப்பு உண்டா என்று கேட்டார். நீர் என்னைப் பார்த்தீர். உண்டு என்று தலையை ஆட்டினீர். அத்தனை வருஷம் பழகியும் எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

வெளியே வந்ததும் நீர் சொன்னது ஒன்றே ஒன்று.

"வெளிய சொல்லிராதேயும்வே. கோமதிக்குக் கல்யாணப் பேச்சு நடக்கு. பரம்பரை இழுப்புன்னு சொல்லுவானுவ."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவில்லை. கோமதிக்குக் கல்யாணம் ஆகி, அவள் ஜெர்மனி போய், நீர் தனியாளாக நின்றபோதும் சொல்லவில்லை. போன வருஷம் உமக்கு இழுப்பு வந்து அது நிற்காமல் போன அன்று, வாசலில் கூடியவர்களிடம் ஹார்ட் அட்டாக் என்று சொன்னதும் நான்தான். ஊர் நம்பியது. நம்பியது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மருந்தைப் பற்றி நமக்குக் கொஞ்சம் உலகம் தெரிய வந்தது தூத்துக்குடிக்காரர் வந்த பிறகுதான். வெளிநாட்டுக்குச் சாறு அனுப்புகிறவர், ஐரோப்பாவுக்கும் போடலாம், ஆனால் விதி பலமாக இருக்கும் என்றார். ஒரு கட்டுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். நீர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தீர். நம் மருந்துக்கு 224 என்று ஒரு நம்பர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. உலகம் முழுக்க அதே நம்பர்தான், ஐரோப்பாக்காரர்கள் முன்னால் ஒரு ஈ சேர்த்துக்கொள்கிறார்கள். பல நாடுகள் கூடி எழுதிய உணவு விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது, எந்தப் பண்டத்தில் எவ்வளவு சல்பைட் இருக்கலாம் என்று அதில் வகைவகையாக எழுதிவைத்திருக்கிறார்கள். உலர்பழத்துக்கு ஒரு அளவு, சாற்றுக்கு ஒரு அளவு, ஒயினுக்கு ஒரு அளவு. அதைப் பார்த்து ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தைத் தன் வசதிக்கு வளைத்தோ இறுக்கியோ எழுதிக்கொள்கிறது. "நாம ஒரு டிரம்முக்கு ஒரு பிடின்னு போட்டுக்கிட்டு இருக்கோம், அங்கன ஒரு சபையே கூடியிருக்குவே" என்று சிரித்தீர். அன்றைக்கு மறுநாளே கடைத்தெருவுக்குப் போய்ச் சின்னத் தராசு வாங்கி வந்தீர்.

அந்தத் தாளில் ஒரு இடத்தில் மட்டும் உம்ம சிரிப்பு நின்றது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஓட்டலில் நறுக்கிவைத்த காய்கறி வாடாமலிருக்க இதைத் தெளிப்பார்களாம். இழுப்புக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு மூச்சடைத்து விழுந்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு பச்சைக் காய்கறியிலும் பழத்திலும் இது கூடாது என்று தடை போட்டார்கள். நீர் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் வைத்திருந்தீர்.

கிலோவுக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் லேபிளில் சல்பைட் உள்ளது என்று போட்டாக வேண்டும். அங்கே மட்டுமில்லை, நம் நாட்டிலும் அதுதான் விதி. அதற்கு நீர் குதித்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். வேறு யாராவது குதித்திருந்தால் புரிந்துகொள்வேன். சல்பைட் என்று போட்டால் ஜனங்கள் பாலிடாயில் விஷம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றீர். பொடி எழுத்தில் போடலாமா என்று பிரஸ்காரரிடம் கேட்டீர். உமக்கே மூச்சடைக்கிற சாமானைப் பற்றி ஊருக்கு எச்சரிக்கை போட உமக்கு ஏன் இவ்வளவு கசப்பு என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன். நீர் டீ சொல்லப் போய்விட்டீர். பாட்டிலின் நெற்றியில் எழுதினால் உம்ம நெற்றியில் எழுதினது மாதிரி உமக்குப் பட்டிருக்கும். கடைசியில் விதிப்படியே போட்டோம், நல்ல தடித்த எழுத்தில். வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை.

எனக்கு இப்போது அந்த விதியின் அர்த்தம் வேறுமாதிரி தெரிகிறது. அளவு என்பது எல்லாருக்கும் பொதுவாகப் போட்டது. நல்ல நெஞ்சு உள்ளவன் தினம் குடித்தாலும் தாங்கட்டும் என்று கணக்குப் போட்டு வைத்தது. அதிலும்கூட, ஐரோப்பாவில் சில வருஷங்களுக்கு முன் மறுபடி எடுத்து ஆராய்ந்தவர்கள், தினசரி இவ்வளவு சேரலாம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இழுப்பு உள்ளவனுக்கு அந்த அளவெல்லாம் பொருந்தாது. சரியான அளவு போட்டிருந்தாலே சிலருக்கு நெஞ்சு மூடிக்கொள்ளும். அவர்களுக்கு உள்ள ஒரே காவல் அந்த லேபிள்தான். படித்துவிட்டு, வேண்டாம் என்று திரும்ப வைத்துவிடலாம்.

கோமதிக்கு நான் கொடுத்த பாட்டிலில் லேபிள் இல்லை.

நம் ஆட்களுக்கு லேபிள் ஒட்டிக் கொடுப்பதில்லை என்பது நீர் வைத்த வழக்கம். கல்யாண வீட்டுக்கு, சொந்தக்காரருக்கு, சிநேகிதருக்கு எல்லாம் கழுவிக் காயவைத்த வெறும் பாட்டிலில் நேராக டிரம்மிலிருந்து பிடித்துக் கொடுப்போம். லேபிள் ஒட்டிக் கொடுத்தால் கடைக்காரன் வாடிக்கையாளருக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம், பிரியம் தெரியாதாம். நேற்றும் அப்படித்தான். மேஜைமேல் லேபிள் ஒட்டின பாட்டில்கள் வரிசையாக நின்றன, பழைய சரக்கு, சரியாக அளந்து போட்டது. அதில் ஒன்றை எடுத்திருக்கலாம். நான் வெறும் பாட்டிலைத் தேடி எடுத்தேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"லேபிள் இல்லாததுதான் எனக்கு வேணும் சித்தப்பா. ரயில்ல எனக்கு வாந்தி வரும், இதைக் கரைச்சு குடிச்சா நிக்கும்."

அப்பன் பிள்ளை என்று பூரித்துப்போனேன். இன்று காலை காலி டப்பாவோடு நிற்கும்போதுதான் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. ஜெர்மனியில் அவள் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் படித்து வாங்குகிற பிள்ளை. சல்பைட் என்று கண்டால் கீழே வைக்கிறவளாக இருக்கவேண்டும். லேபிள் இல்லாத பாட்டில் என்றால் மருந்து இல்லாத பாட்டில், வீட்டுச் சாறு. அவள் சொன்னது அதுதான். நான் பிரியமென்று கொடுத்தேன், அவள் மருந்தில்லை என்று வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கும் இழுப்பு உண்டு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் திதியன்று ஓமப்புகை கிளம்பியதும் அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனதை நான் கவனித்தேன். பின்னால் போய்ப் பார்த்தபோது தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். உம்ம தோளை அப்படியே எடுத்து வைத்தது போல் இருந்தது. என்னம்மா என்றேன். புகை சித்தப்பா, ஊர்த் தூசி ஒத்துக்கல என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.

மணி போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு நடுவே தெரிந்த டாக்டருக்குப் போன் போட்டேன், யாருக்கு என்று சொல்லாமல் பொதுவாக விசாரித்தேன். சாறு குடித்த சில நிமிஷத்திலேயே தெரிந்துவிடும் என்றார். அப்படியென்றால் தெரிந்திருக்க வேண்டியது நேற்று ராத்திரியே தெரிந்திருக்கும். விருதுநகர் தாண்டியா, மதுரை தாண்டியா? இல்லை, இன்னும் குடிக்கவில்லை, விமானத்துக்கு என்று கைப்பையில் வைத்திருக்கிறாளா? ஏர்போர்ட்டில் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடுங்கிவிடுவார்கள் என்பார்கள், அதைப் பிடுங்கட்டும் என்று கோமதியம்மனை வேண்டிக்கொண்டேன். அதற்கு முன்னால் வீணாகப் போகிறதே என்று அவள் மொத்தத்தையும் குடித்துவிட்டால்? என் மனசு எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு கிணறு வெட்டி வைத்திருக்கிறது. நீர் இருந்தால், போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, "ஓய், சாப்பிட்டீரா முதல்ல" என்று கேட்பீர்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. கோமதிதான். இப்போது பேசி முடித்துவிட்டு வந்து மீண்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

சார்ஜ் போய்விட்டது சித்தப்பா, இப்போதுதான் லாட்ஜில் போட்டேன் என்றாள். இத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறீர்களே, என்ன விஷயம் என்றாள். ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. அடியில் அந்த விசில். பைக்கில் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே விசில்.

பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். மருந்து இரண்டு பங்கு விழுந்திருக்கிறது, ஒரு சொட்டு குடிக்காதே, கீழே ஊற்று என்றேன். அவள் ராத்திரி ரயிலில் ஒரு டம்ளர் குடித்ததாகவும், அப்புறம் விடியும்வரை கதவோரம் காற்றுக்கு நின்றதாகவும், இப்போது பரவாயில்லை என்றும் சொன்னாள். இழுப்புக்கு மருந்து உறிஞ்சுகிற குழாயைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள். திறந்தால் மாப்பிள்ளை பார்ப்பார் என்று திறக்கவில்லை.

மாப்பிள்ளையிடம் போனைக் கொடு என்றேன்.

"வேண்டாம் சித்தப்பா. அவியளுக்குத் தெரியாது. அப்பா சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

உம்ம வார்த்தையை வைத்து என்னை அடைத்தாள். ஒரு கணம் அடைபட்டும் போனேன். டாக்டர் வீட்டு வாசலில் நீர் என் கையைப் பிடித்திருந்தது அப்படியே தெரிந்தது. அந்தப் பக்கம் அவள் மூச்சு, இழுத்து, நின்று, இழுத்து. ஏட்டி, போனைக் கொடுக்கியா, இல்ல நான் லாட்ஜ் மேனேஜரைக் கூப்பிடட்டுமா என்று கத்திவிட்டேன். நான் கத்தி நீரே கேட்டிருக்க மாட்டீர்.

மாப்பிள்ளை வந்தார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவளுக்கு இழுப்பு இருக்கிறது, அவள் அப்பாவுக்கும் இருந்தது, அவர் போனதே அதில்தான், பெரிய பெட்டியில் குழாய் இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், டாக்டர் சொல்லாமல் விமானம் ஏறாதீர்கள். அத்தனை வருஷம் காத்ததை ஒரு நிமிஷத்தில் கொட்டிவிட்டேன். அந்தப் பக்கம் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாப்பிள்ளையின் குரல், தாழ்வாக, அவள் காதில் விழாதபடி.

"எனக்குத் தெரியும் மாமா. ராத்திரி பக்கத்துல படுக்கிறவனுக்குக் கேக்காதா? அவளா சொல்லட்டும்னு இருந்தேன்."

ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று சற்று முன் செய்தி அனுப்பினார். குழாயை உறிஞ்சியதில் மூச்சு கொஞ்சம் தணிந்திருக்கிறதாம். டாக்டர் பார்த்த பிறகு கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார். அந்தப் போனுக்காகக் காத்திருக்கிறேன். வெளியே சண்முகத்தாயும் மற்றவர்களும் பெரிய டிரம்மைச் சாய்த்துக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள், நெடி இங்கேவரை வருகிறது. இனி மருந்து போடுகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நம் வீட்டுப் பாட்டில் என்றாலும் லேபிள் இல்லாமல் வாசல் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோபப்படும், வே. வாக்கை உடைத்துவிட்டேன், திட்டும். நீர் திட்டினால் இந்தப் படபடப்பு கொஞ்சம் அடங்கும். மாப்பிள்ளை சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. அவருக்கு அந்த விசில் கேட்டிருக்கிறது. அப்படியானால் துண்டைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நீர் நின்ற அத்தனை நாளும், இந்த ஷெட்டில் யாருக்கெல்லாம் கேட்டதோ.